பன்றிக்குக் கண் மின்னாது

காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிற ஆள் என்று தெரிந்தால் போதும், கோலாலம்பூரில் எந்தக் கல்யாண வீட்டிலும் முதல் கேள்வி "எவ்ளோ பெரிய பன்னி?" என்பதுதான். பன்றி பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் காட்டில் என்னைத் தூக்கிவாரிப் போட்டவை பெரும்பாலும் பன்றிகள் இல்லை. தேடிப் போகிற மிருகத்துக்கு மனசு தயாராக இருக்கும், தேடாத ஒன்று திடீரென்று முன்னால் வந்து நிற்கும்போதுதான் கைகால் வெலவெலத்துப் போகும். அந்த நேரத்தில் பக்கத்து ஆள் கையில் ஒரு துப்பாக்கியும் இருக்கிறது. என் அனுபவத்தில் காட்டிலேயே ஆபத்தானது அந்த ஒரு நொடிதான், மிருகம் இல்லை.

நான் சுடுகிறவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி என் தாய்மாமாவுடையது. அவர் ஒரு காலத்தில் பத்தாங் காலிப் பக்கம் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேய்க்கிற கங்காணியாக இருந்தவர், இப்போது பென்ஷன், கொஞ்சம் பழத்தோட்டம், கொஞ்சம் வாய்ச்சவடால். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விளையாட்டுக் காரியம் இல்லை, லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர் கையில்தான் துப்பாக்கி இருக்க வேண்டும். "ஒரு தடவ புடிச்சிப் பாக்கறேன் மாமா" என்று கேட்டதற்கே என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதனால் நான் செந்தூலில் இருந்து வார இறுதியில் கிளம்பி ரவாங், செரண்டா வழியாகப் பழைய ரோட்டில் போய் அவருக்கு லைட்டுப் பிடிக்கிறவன், பை தூக்குகிறவன், சில சமயம் பன்றி தூக்குகிறவன். எங்களோடு தெமுவான் என்கிற பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு பெரியவரும் வருவார். பாங் என்றுதான் கூப்பிடுவோம். மாமா பார்த்ததை நான் பார்த்திருப்பேன், நான் பார்க்காததையும் பாங் பார்த்திருப்பார், இதுதான் எங்கள் கூட்டணி.

பன்றி வேட்டைக்கும் வனவிலங்குத் துறையில் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி லைசென்ஸோடு சுடக்கூடிய பட்டியலில் இருக்கிறது, புலி, கரடி, தாப்பிர் எல்லாம் முழுப் பாதுகாப்புப் பட்டியல். 2022-இல் திருத்தம் வந்த பிறகு தண்டனை பயங்கரமாக ஏறிவிட்டது, அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரைக்கும் சிறை 15 ஆண்டு வரைக்கும் போகலாம். ஆக, இருட்டில் ஏதோ அசைந்தது, சுட்டேன், அப்புறம்தான் என்னவென்று பார்த்தேன் என்கிற ஆளுக்குக் காட்டில் வேலையில்லை. லைசென்ஸில் போட்டிருக்கும் நேரம், இடம், நிபந்தனை எல்லாவற்றையும் மாமா காரில் ஏறும் முன் ஒருமுறை சத்தமாகப் படிப்பார். எனக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது, ஆனாலும் படிப்பார்.

சரி, லைட்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அதுதான். விடியலுக்கு முன்னாலேயே இருட்டில் நடந்து போய் இடம் பிடித்து உட்கார்ந்தால்தான் வெளிச்சம் வரும்போது பன்றி கண்ணில் படும், அதனால் நடை முழுக்க இருட்டில்தான். டார்ச்சை இடுப்போடு பிடித்துக்கொண்டு நடந்தால் பாதை தெரியும், கண்கள் தெரியாது. கன்னத்தோரம் தூக்கிப் பிடிக்க வேண்டும். மிருகத்தின் கண் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது, நம் கண்ணும் அந்த வழியில் இருந்தால்தான் நமக்கு அது தெரியும். முதல் தடவை அப்படிப் பிடித்துப் பார்த்தபோது செம்பனை, அதாவது பாமாயில் மரக் காட்டுத் தரை முழுக்கச் சின்னச்சின்னப் பச்சைப் பொட்டுகள் மின்னின, எல்லாம் சிலந்தி. பாதை நடுவில் சிவப்பாகக் கனன்று, கிட்டே போனதும் சத்தமில்லாமல் எழும்பிப் பறந்தால் அது பக்கிக் குருவி. மரத்தின் மேல் ஜோடியாக நகர்ந்துகொண்டே போனால் மரநாய். தரையோடு தாழ்வாக, நின்று பார்த்துவிட்டு மறைந்தால் சிறுத்தைப்பூனை.

பன்றிக்குக் கண் மின்னாது. இரவில் அலைகிற பல மிருகங்களுக்கு விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம் இருக்கிறது, பன்றிக்கு அது கிடையாது. கண் பளபளவென்று மின்னுகிறதென்றால் அது நீங்கள் தேடி வந்த மிருகம் இல்லை, விட்டுவிட்டு நடக்கலாம். இதைப் புதிதாக வருகிற பையன்களிடம் சொன்னால் "அப்போ மின்னலேன்னா பன்னிதானே அண்ணே?" என்று உடனே கேட்பார்கள். இல்லை. மனுசனுக்கும் அந்தப் படலம் கிடையாது. இருட்டில் சருகு சலசலக்கிறது, லைட்டு அடித்தால் கண் எதுவும் தெரியவில்லை என்றால் பன்றியாக இருக்கலாம், ஆளாகவும் இருக்கலாம்.

இதைப் பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் மாமா, எனக்கு அது உறைத்தது ஒரு டுரியான் சீசனில். ஒரு பாக்சிக்கின், அதாவது மலாய்க்காரப் பெரியவரின் டுரியான் தோட்டம், பன்றி வந்து விழுந்த பழத்தைத் தின்றுவிட்டுப் போகிறது என்று அவரே கூப்பிட்டிருந்தார். (அவர்கள் பன்றியைத் தொட மாட்டார்கள், பழமும் போய்க்கொண்டிருக்கும், அதனால் நம் ஆட்களும் சீனர்களும் வந்தால் சந்தோசம்தான். ஆனால் இறைச்சியை அவர் வீட்டு வாசல் வழியாகக் கொண்டு வராமல் பின்வழியாக எடுத்துப் போவது, அவர் குழாயில் கத்தி கழுவாதது, இதெல்லாம் சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டியவை.) தோட்டத்தில் காவலுக்கு ஆள் யாரும் இல்லை என்று சொல்லியிருந்தார். இருட்டில் ஒரு மரத்தடியில் நல்ல சலசலப்பு, அப்புறம் ஓடு பிளக்கிற சத்தம், அப்புறம் மூச்சு. எல்லாம் பன்றிக்குப் பொருந்துகிறது. நான் கன்னத்தோரம் லைட்டைத் தூக்கினேன், புதர் மறைவில் குனிந்த முதுகு ஒன்று, கறுப்பு, கண் மின்னவில்லை. மாமா துப்பாக்கியைத் திறந்தபடியேதான் வைத்திருந்தார். "யாரு?" என்று தமிழில் கேட்டார், அப்புறம் "சியாப்பா?" என்று மலாயில் கேட்டார். முதுகு நிமிர்ந்தது. கையில் பிளந்த பழத்தோடு ஒரு பையன், லைட்டு கூட இல்லாமல் திருட்டு டுரியான் தின்ன வந்தவன். பழத்தைப் போட்டுவிட்டு ஓடினான் பாருங்கள், அன்றைக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பன்றியும் மிஞ்சியிருக்காது.

பன்றியென்று நினைத்துக் கூட வந்த ஆளையே சுட்டுவிட்ட செய்திகளை நாம் பத்திரிகையில் பார்க்கிறோம். அந்தப் பையன் விசயத்தில் அது நடக்காமல் போனதற்குக் காரணம் மாமாவின் நல்ல மனசு மட்டும் இல்லை, அவர் துப்பாக்கியும்தான். நம் ஊரில் இதைச் செனாப்பாங் பாத்தா என்பார்கள், நடுவில் மடித்துத் திறக்கிற பழைய ரகம். நடக்கும்போது அதைத் திறந்து முழங்கையில் தொங்கவிட்டுக்கொள்வார். திறந்திருக்கிற துப்பாக்கி வெடிக்காது, திறந்திருக்கிறது என்பது பின்னால் வருகிறவனுக்கும் கண்ணால் தெரியும். மிருகத்தின் தலை, முதுகு, பின்னங்கால் மூன்றும் பார்த்து, பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார்த்த பிறகுதான் "டக்" என்று மூடுவார். திடுக்கிட்டு விரல் இழுத்துவிட்டது என்கிற பேச்சுக்கே இடமில்லை. புது மாடல் வைத்திருக்கிற சிலர் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நான் அவர்களுக்கு முன்னால் லைட்டுப் பிடித்து நடக்க மாட்டேன்.

இப்போது தாப்பிர். மலாயில் தெனுக் என்பார்கள், மிருகக்காட்சிச் சாலையில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், முன்பாதி கறுப்பு, நடு உடம்பு வெள்ளை, தொங்குகிற மூக்கு. கோலா குபு பாருவுக்கு இந்தப் பக்கம் ஒரு செம்பனைக் காடும் அதை ஒட்டி ஓடையும், ஓடைக்கு அந்தப் பக்கம் நிஜக் காடும் இருக்கிற இடம். விடிய இன்னும் நேரம் இருக்கிறது. யாரோ விசில் அடித்தார்கள், மெல்லிய, நீளமான விசில், ஒருமுறை, கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. திருட்டு வேட்டைக்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் சாடை காட்டுகிறார்கள் என்றே நினைத்தேன், வயிற்றைக் கலக்கியது. பாங் மட்டும் நின்று மோப்பம் பிடித்தார். லைட்டைத் திருப்பினேன். செம்பனை மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஓர் உர மூட்டை கிடந்தது, தோட்டங்களில் அப்படிக் கிடப்பது சகஜம், அதனால் அதைத் தாண்டி வெளிச்சத்தை ஓட்டினேன். ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தால் மூட்டை எழுந்து நிற்கிறது.

அதன் முன்னும் பின்னும் இருட்டோடு இருட்டாகக் கறுப்பு இருந்திருக்கிறது, கண் வெள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டது. பக்கத்தில் குட்டி ஒன்று, பழுப்பு உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியும். சில மாதம் வரைக்கும்தான் அந்தக் கோடு இருக்கும், அப்புறம் தாயின் நிறம் வந்துவிடும். விசில் அடித்தது அதுதான், தாயா குட்டியா என்பது தெரியவில்லை. 300 கிலோ வரும் மிருகம், மூக்கை மேலே தூக்கி ஆட்டி எங்கள் வாடையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த மூக்கின் ஓரம் ஈரம் மின்னியதும், காதுமடலின் விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடியதும் எனக்கு இன்னும் அப்படியே கண்ணில் இருக்கிறது. பாங் என் சட்டையைப் பிடித்து இடது பக்கமாக இழுத்தார். எதற்கென்று அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. பயந்தால் அது தண்ணீருக்குத்தான் ஓடும், நாங்கள் நின்றது அதற்கும் ஓடைக்கும் நடுவில். எங்களை ஒட்டி, கை நீட்டினால் தொடும் தூரத்தில், தாயும் குட்டியும் ஒரே நேர்க்கோட்டில் போய்ச் சடாரென்று ஓடையில் விழுந்தன. சாதுவான மிருகம்தான், ஆனால் குட்டியோடு இருந்தால் கடிக்கும், கடித்தால் சாதாரணக் கடி இல்லை. தண்ணீருக்கும் அதற்கும் நடுவே நிற்காதீர்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கம் இரவில் கார் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்த மிருகம் ரோட்டில் அடிபட்டுச் சாவது அதிகம், வேகத்தைக் குறையுங்கள், இருட்டு ரோட்டில் அதன் கறுப்புப் பாதியை லைட்டு சீக்கிரம் காட்டாது.

குளவி பற்றி நீளமாக எழுத வேண்டும், ஆனால் நினைத்தாலே கடுப்பாகிறது. நெற்றியில் கட்டும் லைட்டு வசதியானது என்று எல்லாரும் வாங்குகிறார்கள். நம் காட்டில் இரவில் பறக்கிற குளவி ஒன்று இருக்கிறது, பழுப்பு நிறம், லைட்டைத் தேடி வரும். லைட்டு உங்கள் நெற்றியில் இருந்தால் அது எங்கே வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் இமை மேல் உட்கார்ந்து போட்டது ஒரு போடு, மறுநாள் ஆபீஸில் ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு கையில்தான் டார்ச். உட்காரும் இடத்தில் லைட்டு வேண்டுமென்றால் அதை ஒரு குச்சியில் கட்டித் தள்ளி நட்டுவிடுவோம். பகலில் தெபுவான் என்கிற பெரிய குளவியின் கூடு கண்ணில் பட்டால் வேட்டையாவது ஒன்றாவது, வந்த வழியே திரும்புவதுதான். ஒன்றிரண்டு கொட்டு வேறு, பல கொட்டு வேறு. பல கொட்டு வாங்கினால் வலி குறைந்துவிட்டது என்று வீட்டுக்குப் போகக் கூடாது, விஷம் அப்புறமாகச் சிறுநீரகத்தைக் கூடப் பாதிக்கும், நேராக ஆஸ்பத்திரிதான்.

பாம்பு இல்லாமல் செம்பனைக் காடு இல்லை. எலி இருக்கிற இடத்தில் பாம்பு இருக்கும், வெட்டிய மட்டைகளை இரண்டு வரிசைக்கு நடுவே அடுக்கி வைக்கிறார்களே, அதைவிட நல்ல வீடு பாம்புக்குக் கிடையாது. மட்டை அடுக்கை மிதித்துத் தாண்டக் கூடாது, சுற்றிப் போக வேண்டும், இது தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும், டவுனில் இருந்து வருகிறவர்களுக்குத்தான் தெரியாது. ஒரு நாள் காலை எட்டு மணி வெயிலில் நாங்கள் அப்படிச் சுற்றிப் போகும்போது நாய் உறுமுகிற சத்தம் கேட்டது. யாரோ நாயோடு வந்திருக்கிறார்கள் என்று மாமா கூடத் திரும்பிப் பார்த்தார். நாய் இல்லை. மட்டை அடுக்கின் கடைசியில் என் இடுப்பு உயரத்துக்கு நின்றுகொண்டு, ஒல்லியான படத்தை விரித்து, ராஜநாகம் எங்களைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது. மற்ற பாம்பு சீறும், இதன் குரல் அடித்தொண்டையில் இருந்து வருகிறது, நெஞ்சில் கேட்கிறது.

"ஜாங்ஙான் லாரி" என்றார் பாங், ஓடாதே என்று, அதுவும் ரகசியம் பேசுகிற குரலில். முகத்தைத் திருப்பாமல், கையை வீசாமல், ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்தோம். ஏழெட்டு அடி வந்ததும் அது படத்தைச் சுருக்கியது, இன்னும் கொஞ்சம் வந்ததும் தலையைத் தாழ்த்தியது, அப்புறம் மட்டைக்குள் போக ஆரம்பித்தது. போய்க்கொண்டே இருந்தது. போர்ட் டிக்சன் பக்கம் 1937-இல் பிடித்த ஒரு ராஜநாகம் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் 5.71 மீட்டர் வரைக்கும் வளர்ந்ததாம், எங்கள் ஆள் அந்த நீளம் இல்லை, ஆனால் வால் உள்ளே போய் முடிகிற வரைக்கும் நான் மூச்சு விடவில்லை. சுட்டிருக்கலாமே என்று பிற்பாடு ஒருத்தர் கேட்டார். எதற்கு? லைசென்ஸ் பன்றிக்கு, அது ஒன்று. அடிபட்ட ராஜநாகத்தோடு மட்டைக் காட்டில் நிற்க யாருக்கு ஆசை, அது இரண்டு.

கடித்துவிட்டால் என்ன செய்வது என்பதில் நம் ஆட்களிடம் இன்னும் பழைய பழக்கம் போகவில்லை. கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கைகாலை ஒரு குச்சி வைத்துக் கட்டி அசையாமல் வைத்து, மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, 999-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்கப் போக வேண்டாம், தூரத்தில் இருந்து போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், எந்த மருந்து என்று டாக்டர் முடிவெடுக்க உதவும். துப்புகிற கருநாகமும் இங்கே நிறைய. அது கண்ணைப் பார்த்துத் துப்பும். கசக்காமல் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். இதற்காகவே ஒரு போத்தல் தண்ணீரைக் குடிக்காமல் பையின் அடியில் வைத்திருக்கிறேன். எவ்வளவு தாகம் எடுத்தாலும் மாமாவுக்குக் கூட அதைக் கொடுப்பதில்லை, அவருக்கு அதில் கோபம்.

கரடியைப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான், அதுவும் அரைகுறையாக. ஓடைக்கு அந்தப் பக்கக் காட்டில், யாரோ பாராங் கத்தியால் மரத்தைப் பிளக்கிற சத்தம். போய்ப் பார்த்தால் விழுந்து கிடந்த மரத்தின் பொந்தில் தலையை விட்டு, பின்புறம் மட்டும் வெளியே தெரிய, கறுப்பாக ஒரு ஆள் உயரம் கூட இல்லாத உருவம். நம் ஊர்த் தேன்கரடி உலகத்துக் கரடிகளிலேயே சிறியது, 65 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். ஆனால் அந்த நகம் கட்டைவிரல் நீளம், கெலுலுட் என்கிற கொட்டாத சின்னத் தேனீயின் கூட்டுக்காகக் கெட்டி மரத்தையே கிழித்துவிடும். இதன் தோல் தொளதொளவென்று இருக்கும், பின்னால் இருந்து பிடித்தாலும் தோலுக்குள்ளேயே திரும்பிக் கடிக்கும் என்று பாங் சொல்வார். காது கேட்காத இடத்தில் தலை இருந்ததால்தான் நாங்கள் அவ்வளவு கிட்டே போக முடிந்தது, அதுவே ஆபத்தும். கரடி திடுக்கிட்டால் ஓடுவதற்குப் பதில் பாய்ந்துவிடலாம். பாங் இருபது அடி பின்னால் வந்து நின்றுகொண்டு, சாதாரணமாக மலாயில் பேச ஆரம்பித்தார், மழை வரும் போலிருக்கிறது, ரப்பர் விலை என்ன என்கிற மாதிரிப் பேச்சு. கரடி தலையை வெளியே எடுத்து, நெஞ்சில் அந்த மஞ்சள் பிறை தெரிய எழுந்து நின்று, குரைத்தது. ஆமாம், நாய்க் குரைப்புக்குக் கிட்டத்தட்ட வரும். ஒரு தடவை குரைத்துவிட்டு அந்தப் பக்கமாக இறங்கிப் போய்விட்டது. மரத்தில் புதிதாக நகக் கீறலோ, கிழித்துப் போட்ட மரச் சிராயோ தெரிந்தால் நாங்கள் இப்போது சும்மாவே சத்தமாகப் பேசிக்கொண்டு நடக்கிறோம். அன்றைக்குப் பன்றி கிடைக்காது, பரவாயில்லை.

எல்லாத் திடுக்கிடலும் ஆபத்தில்லை. இருவாய்க் குருவி தலைக்கு மேல் பறந்தால் இறக்கைச் சத்தம் பெரிதாக மூச்சு வாங்குகிற சத்தம், புது ஆள் குனிந்துவிடுவான். அதிலும் தலைக்கவச இருவாய்க் குருவி கூவுவதைக் கேட்டிருக்கிறீர்களா? விட்டு விட்டு ஒவ்வொன்றாக "கூ" என்று ஆரம்பித்து, வேகம் கூடிக் கூடி, கடைசியில் பைத்தியம் பிடித்தவன் சிரிப்பில் முடியும். மாமியார் வீட்டுத் தூணைக் கோடரியால் வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரித்த மருமகன்தான் அந்தப் பறவையானான் என்று மலாய்க்காரர்கள் கதை சொல்வார்கள். மாமா அந்தக் கூவலைக் கேட்டால் அத்தையின் அம்மாவை நினைத்து ஒரு பெருமூச்சு விடுவார். உலகத்திலேயே அழிகிற நிலையில் இருக்கிற பறவை, கேட்டவரைக்கும் புண்ணியம். பிரேசர் மலை ரோட்டில் ஒரு தடவை கருஞ்சிறுத்தை கார் லைட்டில் குறுக்கே போனது. நம் தீபகற்பத்தில் சிறுத்தைகள் ஏறக்குறைய எல்லாமே கறுப்புதான், நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் உள்ளே புள்ளி தெரியுமாம், எனக்கு வால் மட்டும்தான் தெரிந்தது. புலியை நான் பார்த்ததில்லை. நாடு முழுக்க 150-க்கும் குறைவாகத்தான் காட்டில் மிச்சம் என்று 2022-இல் கணக்குச் சொன்னார்கள்.

கடைசியில் பன்றியே திடுக்கிட வைத்த கதை ஒன்றும் இருக்கிறது. குட்டி போடுவதற்கு முன் பெண் பன்றி கூடு கட்டும், இது பல பேருக்குத் தெரியாது. சின்ன மரக்கன்றுகளை வாயாலேயே ஒடித்தும் பிடுங்கியும் நூற்றுக்கணக்கில் கொண்டு வந்து குவித்து, அதற்குள் புகுந்து படுத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் யாரோ குப்பையைக் கூட்டி வைத்தது போலத்தான் இருக்கும். ஓடையோரம் நடந்துகொண்டிருந்தோம். கட்டைவிரல் தடிமன் கன்றுகள் வரிசையாக ஒடிந்து நிற்பதை பாங் பார்த்துவிட்டார், ஒடிந்த இடத்தில் பால் இன்னும் காயவில்லை. கையைத் தூக்கி நிறுத்தினார். அதற்குள் என் பூட்ஸ் குவியலின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. குவியல் மூச்சு விட்டது. உள்ளே இருந்து ஒரு "ஹஃப்", அப்புறம் தழை முழுக்க எழும்பி, அடியில் இருந்து பன்றியின் தலை.

மாமா சுடவில்லை. குட்டியோடு இருப்பதைச் சுட மாட்டார், தவிர நான் நடுவில் நிற்கிறேன். "டேய், மரத்துக்குப் பின்னால போ!" என்று மட்டும் கத்தினார். நான் பக்கத்து மரத்தைக் கட்டிக்கொண்டு சுற்றினேன், அது என்னை ஒரு சுற்று சுற்றியது, நான் எதிர்ப்பக்கம். பன்றி பாய்ந்தால் நேராக ஓடி ஜெயிக்க முடியாது, நடுவில் மரம் வேண்டும், ஏற முடிந்தால் கால் அதன் வாய்க்கு எட்டாத உயரம் ஏறினால் போதும். பெண் பன்றி கடிக்கும், ஆண் பன்றி கொம்புப் பல்லால் தொடையைக் கிழிக்கும், தொடையில் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது, அதனால் அழுத்திக் கட்டுகிற அகலமான பேண்டேஜ் என் பையில் எப்போதும் மேலேயே இருக்கும். எல்லாரையும்விட மோசம் குண்டடி பட்டு ஓடிய பன்றி. உடனே ரத்தத்தைப் பின்தொடர்ந்து புதருக்குள் போகிறவர்கள்தான் அதிகம் காயப்படுகிறார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து வெற்றிலை போடுங்கள், அப்புறம் போங்கள். நம் பெண் பன்றி இரண்டு முறை பாய்ந்துவிட்டு, கூட்டுக்கு முன்னால் நின்று மூக்கை ஊதியது. நாங்கள் ஓடையில் இறங்கிச் சுற்றிப் போய்விட்டோம்.

இப்போதெல்லாம் அந்தப் பக்கம் பன்றி குறைந்திருக்கிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021-இல் சபாவில் தெரிந்து, தீபகற்பத்துக்கும் வந்து, காட்டுப்பன்றிகளையும் பிடித்துவிட்டது. மனுசனுக்கு அது ஒட்டாது, ஆனால் பூட்ஸில் ஒட்டிப் பண்ணைக்குப் போகும். செத்துக் கிடக்கிற பன்றியைத் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். பன்றி வளர்க்கிற சொந்தக்காரர் வீட்டுக்குக் காட்டுப் பூட்ஸோடு போகாதீர்கள். கிடைத்த இறைச்சியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள், உள்ளே சிவப்பு தெரிகிற பக்குவம் எல்லாம் மாட்டுக்கறிக்குச் சரி, காட்டுப்பன்றிக்கு ஆகாது. மிளகு தூக்கலாகப் போட்டு, தண்ணீர் வற்ற வற்றப் பிரட்டினால் வேகாமல் இருக்கவும் வழியில்லை.

அந்தக் கூட்டு விவகாரத்தில் பன்றியைவிட அதிக நாள் என்னோடு இருந்தது உண்ணிதான். பன்றிக் கூடு முழுக்க உண்ணி, ஓரத்தில் கால் பட்டதே போதும். காரில் வரும்போது ஒன்றும் தெரியவில்லை, செந்தூல் வந்து சேர்ந்த பிறகு முழங்காலுக்குப் பின்னால், இடுப்புப் பட்டைக்குள், அக்குளில் எல்லாம் கடுகு கடுகாக. நெருப்பு வைப்பது, மண்ணெண்ணெய் தடவுவது எல்லாம் வேண்டாம். நுனி கூரான சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மெதுவாக இழுக்க வேண்டும், தலை உள்ளே நிற்கக் கூடாது. அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால் "காட்டுக்குப் போனேன், உண்ணி கடித்தது, ஓடையில் இறங்கினேன்" என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், எலிச் சிறுநீர்க் காய்ச்சலும் அந்தத் தண்ணீரில் இருந்துதான் வரும். என் மனைவி அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டிருக்கிறாள்: கார் நிறுத்துகிற இடத்தில் வாளி, அதில் டெட்டால் தண்ணீர், போட்டிருக்கும் துணி எல்லாம் அங்கேயே வாளிக்குள், கைலி கட்டிக்கொண்டுதான் உள்ளே. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது ஞாயிறு சாயங்காலம் கார் வந்து நின்றால் "என்னா தம்பி, இன்னிக்குப் பன்னியா, வெறும் உண்ணியா?" என்று சன்னல் வழியாகவே விசாரிக்கிறார்கள்.